கண்ணை மூடினால் ஆறு தெரிய வேண்டியதில்லை: மனக்காட்சிப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இப்போது நீங்கள் ஓடும் ஆற்றின் கரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தண்ணீரின் சத்தம் காதில் விழுகிறது."

ஆலோசகர் பயிற்சி முடித்த புதிதில், 2022 கோடையில், வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி அறையில் பத்துப் பன்னிரண்டு பெண்களை உட்கார வைத்து நான் சொன்ன முதல் வரிகள் இவை. எங்கோ கேட்ட ஒலிப்பதிவிலிருந்து எழுதி எடுத்தவை. அடுத்த வரிக்குப் போவதற்குள் இரண்டாவது வரிசையில் இருந்த ஓர் அக்கா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விரல் முட்டிகள் வெளுத்துவிட்டன. கண்ணைத் திறந்து, "தண்ணி சத்தம் வேணாம்மா" என்றார்.

அவர் வீடு பாலாற்றங்கரையில். 2021 நவம்பரில் ஆறு பெருகி வந்த இரவு, மாமியாரைத் தோளில் தாங்கிக்கொண்டு இருட்டில் மேட்டுக்கு ஏறியவர் அவர். வறண்ட மணலாகவே பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஓடும் தண்ணீரைவிட இதமான காட்சி வேறு எது என்று நினைத்திருந்தேன். அந்த அக்காவின் உடம்புக்கு அந்தச் சத்தம் வேறு அர்த்தம்.

கைடட் இமேஜரி என்று சொல்லப்படும் இந்த மனக்காட்சிப் பயிற்சியில் நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை. இன்னொருவர் மனதில் இருக்கும் படத்தை நம் உடம்பு ஏற்றுக்கொள்ளும் என்று நம்புகிறோம்.

பயிற்சி எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சின்ன வயதில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடித்த புளியங்காயை நினைத்துப் பாருங்கள். பல் கூசும், வாயில் நீர் ஊறும். காய் எங்கும் இல்லை, ஆனாலும் உமிழ்நீர்ச் சுரப்பி வேலை செய்துவிட்டது. 1930களில் ஷிகாகோவில் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர், கையை மடக்குவதாக நினைத்தாலே கைத்தசையில் நுண்ணிய மின் அசைவு எழுவதை அளந்து காட்டினார். பயமும் இதே வழியில்தான் உடம்புக்குள் வருகிறது. ரிசல்ட் வருவதற்கு முந்தைய இரவு கட்டிலில்தான் படுத்திருக்கிறோம், நெஞ்சு மட்டும் படபடக்கிறது. அந்தப் படபடப்பை உண்டாக்கியதும் ஒரு மனக்காட்சி. அதே வழியாக அமைதியையும் உடம்புக்குள் அனுப்பிப் பழக்குவதே இந்தப் பயிற்சி. மூச்சு மெதுவாகும், தசை தளரும், இதயத்துடிப்பு இறங்கும். பதற்றம், வலி, தூக்கமின்மை இவற்றோடு வாழ்கிறவர்களுக்கு இது மெய்யான உதவி.

யூடியூபில் "பாதுகாப்பான இடம்" என்று தேடினால் கடற்கரை, நீர்வீழ்ச்சி, பனி மலை என்று வரும். ஆறு மாதம் வெயிலில் வேகும் வேலூரில் பனி மலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் இப்போதெல்லாம் படம் எதையும் கொடுப்பதில்லை. "உங்களுக்கு எங்கே இருந்தால் தோள் தானாக இறங்கும்?" என்று மட்டும் கேட்பேன். மொட்டை மாடியில் சாயங்காலம் தண்ணீர் தெளித்ததும் எழும் அந்தச் சூட்டு வாசனையைச் சொன்னவர் உண்டு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்துக் கல்லில் வெறுங்காலை வைக்கும் குளிர்ச்சியைச் சொன்னவர் உண்டு. யாருமே இல்லாத இடம்தான் வேண்டும் என்றார் ஒரு கல்லூரி மாணவி. ஹாஸ்டலில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருக்கும் பெண் அவள்.

அடுத்த தவறு, "பார்" என்ற சொல். மனக்கண்ணில் பார், தெரிகிறதா, நிறம் என்ன என்று கேட்டுக்கொண்டே போவது. பீடி சுற்றும் ஓர் அக்கா இரண்டு வாரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு மூன்றாவது வாரம் சொன்னார்: "எல்லாரும் ஏதேதோ தெரியுதுன்றாங்க. எனக்குக் கண்ண மூடினா இருட்டாதான் கீது. எங்கிட்ட இன்னா கோளாறுன்னு தெரியலம்மா."

கோளாறு எதுவும் இல்லை. 1880இலேயே இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கால்டன், காலையில் சாப்பிட்ட மேசையை மனதில் கொண்டுவரச் சொல்லிப் பலரைக் கேட்டபோது, அப்படி எதுவும் தெரிவதே இல்லை என்று சிலர் சொன்னார்கள். 2015இல் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமன் இதற்கு அஃபேன்டேசியா என்று பெயர் வைத்தார். நோயல்ல, மனம் வேலை செய்யும் விதங்களில் ஒன்று. அவர்களுக்குக் கண்ணை விட்டுவிட்டு மற்றப் புலன்கள் வழியாகப் போகலாம்.

அந்த அக்காவிடம் கையைப் பற்றிக் கேட்டேன். நாள் முழுக்க இலையையும் நூலையும் தொட்டுக்கொண்டிருக்கும் கை. அதற்கு எது பிடிக்கும்? வெகுநேரம் யோசித்தார். "எங்கம்மா வூட்ல கண்ணுக்குட்டி நக்கும். உள்ளங்கை சொரசொரன்னு, சூடா இருக்கும்" என்று சொல்லும்போதே வலது கை மடியில் மல்லாந்து திறந்துகொண்டது. அன்று அவர் பயிற்சி அவ்வளவுதான், பத்து நிமிடம் அந்தக் கன்றுக்குட்டியின் நாக்கு. காட்சி என்று எதுவுமே அதில் இல்லை.

மொழியிலும் கவனம் வேண்டும். "உங்கள் உள்ளார்ந்த அமைதியின் ஆழத்திற்குள் பயணியுங்கள்" என்றெல்லாம் சொல்லும் பதிவுகளைக் கேட்கும்போது எனக்கே தோள் விறைத்துக்கொள்கிறது. நம்மைத் தூங்க வைத்த யாரும் அப்படிப் பேசியதில்லை. "வா, உட்காரு, கால நீட்டிக்கோ, அவசரமில்ல" என்றால் உடம்புக்குப் புரியும். போனில் உங்கள் குரலிலேயே, வீட்டில் பேசும் பேச்சிலேயே பதிவு செய்து கேளுங்கள். வரிக்கும் வரிக்கும் இடையில் இரண்டு மூச்சு விடும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். பின்னணி இசை வேண்டியதில்லை, மின்விசிறிச் சத்தமே போதும்.

இனி சொல்வதைத்தான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல நினைக்கிறேன். வேலூர் நோயாளிகள் வந்து சேரும் ஊர். 1900இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனை இன்று நாடு முழுவதிலிருந்தும் ஆட்களை இழுக்கிறது. காட்பாடி ஸ்டேஷனில் ஒவ்வொரு ரயிலிலிருந்தும் ஸ்கேன் கவரோடு குடும்பங்கள் இறங்குகின்றன. அந்தக் கவலையின் நடுவில், "நோயை மனதாலேயே விரட்டலாம்" என்ற பேச்சு சுலபமாக விலைபோகிறது.

ஆரணியிலிருந்து வந்த ஒரு பட்டு நெசவாளர், ஐம்பது வயதிருக்கும், கீமோ சிகிச்சையில் இருந்தார். யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்து, தினமும் அரை மணி நேரம், வெள்ளை வீரர்கள் கட்டியை வெட்டி வீழ்த்துவதாக நினைத்துவந்தார். அடுத்த ஸ்கேனில் கட்டி சிறுத்திருக்கவில்லை. என்னிடம் வந்து அவர் கேட்டது ஒரே கேள்வி: "நான் சரியா நெனைக்கலியாம்மா?"

1970களில் அமெரிக்கக் கதிர்வீச்சு மருத்துவர் கார்ல் சைமன்டன் பரப்பிய முறையின் எச்சம் அது. இப்படிக் கற்பனை செய்வதால் புற்றுக்கட்டி கரையும் என்று நிரூபிக்கப்படவில்லை. கரையும் என்று ஒருவரிடம் சொன்னால், கரையாதபோது அந்தப் பழி அவர் தலையிலேயே விழுகிறது. நோயின் பாரம் போதாதென்று குற்ற உணர்வு வேறு. இதைச் செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. மாத்திரையை நிறுத்து, ஊசியைத் தள்ளிப்போடு என்று பயிற்சியோடு சேர்த்து யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அதே நெசவாளருக்கு இந்தப் பயிற்சி உதவவும் செய்தது, வேறு இடத்தில். மருந்து ஏறுவதற்கு முன்பே, ஆஸ்பத்திரி வாசனை பட்டதுமே அவருக்குக் குமட்டும். முந்தைய தடவைகளின் நினைவில் உடம்பு முன்கூட்டியே எழுப்பும் வாந்தி அது. இதற்கு உடல் தளர்வும் மனக்காட்சியும் பயன்படும் என்று புற்றுநோய் மருத்துவத்திலேயே அறிந்திருக்கிறார்கள். வீரர்களை அனுப்பிவிட்டுக் குழித்தறியில் போய் உட்காரச் சொன்னேன். குழிக்குள் காலில் படும் மண்ணின் குளிர்ச்சி, மிதியை அழுத்தும் பாதம், இடமும் வலமுமாக ஓடும் நாடா, பாவுக்குள் ஊடை சேரும் ஒவ்வொரு தட்டும் ஒரு மூச்சு. "நாப்பது வருஷமா உக்காந்த எடமாச்சே" என்றார். காத்திருக்கும் நாற்காலியில் கால் கட்டைவிரல் மிதியை அழுத்துவதை நான் பார்த்தேன். குமட்டல் முழுக்கப் போகவில்லை. ஆனால் வாசலிலேயே திரும்பிப் போய்விடலாமா என்ற எண்ணம் விட்டது என்றார்.

மனக்காயத்தை நேராகத் தொடப்போவதும் ஆபத்து. "உங்களைப் புண்படுத்திய அந்த நாளுக்குப் போங்கள்" என்று தொடங்கும் ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. கேட்கிறவர் தனி அறையில், ராத்திரி பதினோரு மணிக்கு, காதில் ஹெட்போனோடு இருக்கிறார். உள்ளே போனபின் கைபிடித்து வெளியே கூட்டிவர ஆளில்லை. பழைய காட்சிக்குள் போய் அதை மாற்றியமைக்கும் சிகிச்சை முறைகள் உண்மையிலேயே உண்டு. அவற்றை அதற்கெனப் பயிற்சி பெற்றவர் எதிரில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. கற்பனைக்கும் நினைவுக்கும் நடுவில் உள்ள சுவர் மெல்லியது. 1995இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் 24 பேரிடம், சின்ன வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக, நடக்காத ஒன்றை வீட்டார் சொன்னதுபோலச் சொன்னார்கள். 6 பேர் அது நடந்ததாகவே, முழுமையாகவோ பகுதியாகவோ நினைவுகூர்ந்தார்கள். ஆகவே, "உங்களுக்குச் சிறுவயதில் ஏதோ நடந்திருக்க வேண்டும், தேடிப் பாருங்கள்" என்று வழிகாட்டுகிறவர் சொன்னால் அவர் புதைந்ததைத் தோண்டவில்லை, புதிதாக நட்டுக்கொண்டிருக்கலாம். குடும்பங்கள் இதில் உடைந்துபோகும்.

கண்ணை மூடியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தளரத் தளரப் பதற்றம் கூடுகிறவர்கள் உண்டு. இதை 1980களிலேயே உளவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எப்போதும் விழிப்பாக இருந்தே பிழைத்த உடம்புக்குத் தளர்வதே ஆபத்தாகத் தோன்றும். அப்படிப்பட்டவர் கண்ணைத் திறந்து சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கட்டும், பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்கட்டும், இரண்டு நிமிடத்தில் நிறுத்தட்டும்.

காதில் குரல் கேட்பவர்கள், யாரோ துரத்துவதாகத் தோன்றுகிறவர்கள், சில நேரம் தான் எங்கிருக்கிறோம் என்பதே விட்டுப்போகிறவர்கள், மனநல மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். பாகாயத்தில் உள்ள மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்குவது நெடுநாள் வழக்கம். பயிற்சியின் முதல் சில தடவைகளில் நம்பிக்கையான ஒருவர் பக்கத்து அறையிலாவது இருக்கட்டும் என்று நான் சொல்வதும் அதே எண்ணத்தில்தான். மனம் தாங்கவில்லை என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று. "டாக்டர் கோட்டோட நிக்கிற மாதிரி நெனச்சுக்கோடா" என்று சொல்லிக்கொடுக்கிறோம். 1999இல் வெளிவந்த லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் ஆய்வில், நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டதாக நினைத்தவர்களைவிட, உட்கார்ந்து படிப்பதை நினைத்துப் பழகிய மாணவர்களே நன்றாக எழுதினார்கள். நம் தொண்டை நாட்டுத் திருநின்றவூர்ப் பூசலாரை நினைத்துக்கொள்ளுங்கள். மனதிலேயே கோயில் கட்டியவர், கும்பாபிஷேகத்திலிருந்து தொடங்கவில்லை. பொருள் சேர்த்தார், தச்சரைத் தேடினார், நாள் பார்த்தார், அடித்தளம் போட்டார், கல்மேல் கல்லாக எழுப்பினார். பிள்ளையும் மேசை விளக்கைப் போடுவது, போனை அடுத்த அறையில் வைப்பது, முதல் கணக்கில் தடுமாறி மறுபடி போடுவது என்று நினைத்துப் பார்க்கட்டும்.

பதற்றம் உச்சத்தில் இருக்கும்போதுதான் முதல்முறை முயல்வதும் பயன் தராது. நீச்சலை வெள்ளத்தில் கற்க முடியாது. மனம் சும்மா இருக்கும் நாளில், தினமும் பத்து நிமிடம், ஒரே இடத்தில், ஒரே காட்சியோடு பழக்கிவையுங்கள். சில வாரத்தில் உடம்புக்கு வழி தெரிந்துவிடும்.

முடிக்கும்போது சட்டென்று எழுந்துவிடாதீர்கள். விரல்களை அசைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்து முகத்தில் வைத்து, உங்கள் பெயரையும் இன்றைய கிழமையையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கள் மாடி அறையில் நான் கடைசியில் கேட்பது, "வெளியே இப்போ என்ன சத்தம் கேக்குது?" என்றுதான். ஷேர் ஆட்டோ ஹாரன், குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அந்தப் பாலாற்றங்கரை அக்கா இப்போதும் வருகிறார். அவர் காட்சி என்ன என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எல்லோரும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடித்த பிறகுதான் வண்டிச் சாவியை எடுக்க விடுவேன்.