ஆதாரில் இரட்டைச் சடை, கையில் எல்.எல்.ஆர்.

என் மகளுக்குப் பதினெட்டு முடிந்த மறுநாளே ஸ்கூட்டர் சாவியைக் கேட்டாள். "எல்.எல்.ஆர். எடுத்துட்டு வா, தர்றேன்" என்று சொல்லி வைத்தேன். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் காலத்துக்குத் தரும் பழகுநர் லைசென்ஸ்தான் அது. ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தது ஒன்றரை மாதம் இழுத்தது. அந்த ஒன்றரை மாதத்தில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மேல் தப்பு எதுவும் இல்லை, எல்லாம் எங்கள் வீட்டு அலமாரிக்குள் இருந்த தப்புதான். பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் பக்கம் நம்ம தமிழ் ஆட்கள் வீட்டில் இதே சிக்கல் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஆதாரை எடுத்துப் பாருங்கள். விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே போடலாம், ஆதார் ஓ.டி.பி. வழியாகப் போனால் ஆபீசுக்கு நடக்காமலே தேர்வையும் எழுதலாம். ஆனால் அப்படிப் போனால் பெயர், பிறந்த தேதி, முகவரி, போட்டோ எல்லாம் ஆதாரில் இருப்பது அப்படியே வந்து உட்காரும். என் மகளின் ஆதார் போட்டோ அவள் இரண்டாம் வகுப்பில் எடுத்தது. இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், முன்பல் ஒன்று இல்லை. அந்த முகத்தோடு டூவீலர் லைசென்ஸ் வந்தால் எந்தப் போலீஸ்காரர் நம்புவார்? பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் கைரேகை, கருவிழி, போட்டோவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. பதினைந்தாம் வயதில் எஸ்.எஸ்.எல்.சி. டியூஷன் என்று நாங்கள் அதை விட்டுவிட்டோம்.

ஓ.டி.பி.யும் வரவில்லை. ஆதாரில் இருந்தது என்னுடைய பழைய நம்பர், எப்போதோ செத்துப்போன சிம். நம்பர் மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போக வேண்டியிருந்தது. சரி, போனதும் போனோம், போட்டோ, கைரேகை எல்லாவற்றையும் சேர்த்தே செய்துவிட்டு வந்தோம்.

அப்புறம் இனிஷியல். இது தமிழனுக்கென்றே எழுதின தலையெழுத்து. ஆதாரில் பெயருக்குப் பின்னால் 'எஸ்' என்று ஒற்றை எழுத்து நிற்கிறது. பி.யு.சி. (இங்கத்து பிளஸ் டூ) மார்க்ஸ் கார்டில் அதே இடத்தில் 'செல்வம்' என்று அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. கர்நாடகத்து ஆபீஸ்களில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கு பாஸ்போர்ட், வேலை, இன்சூரன்ஸ் என்று போகும்போது மூன்று காகிதத்தில் மூன்று பெயர் நிற்கும். எதை வைத்துக்கொள்வது என்று வீட்டில் உட்கார்ந்து இப்போதே முடிவெடுத்து, ஆதாரை அதற்கேற்பத் திருத்திவிட்டு விண்ணப்பத்துக்குப் போங்கள். முகவரி இன்னும் ஆம்பூரிலோ கிருஷ்ணகிரியிலோ கிடந்தால் அதையும் மாற்றுங்கள். பிள்ளை பெயரில் வாடகை ஒப்பந்தம் இருக்காது. குடும்பத் தலைவர் ஒப்புதல் தந்தால் அவர் முகவரியையே பிள்ளைக்கும் ஏற்ற ஆன்லைனில் வழி இருக்கிறது.

இவ்வளவும் சரியான பிறகு விண்ணப்பம் அரைமணி நேர வேலை. மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் சாரதி என்ற பகுதிக்குள் போய், மாநிலம் கர்நாடகா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். தேடினால் இதே மாதிரி முகப்போடு வேறு தளங்களும் வரும். முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மத்திய அரசு வைத்த கட்டணம் வண்டி வகைக்கு 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். அதற்கு மேல் மாநிலத்தின் சேவைக் கட்டணம் கொஞ்சம் சேரும். என் கணவர் கேப் ஓட்டுகிறவர். "ஏஜென்ட் கையில ரெண்டாயிரம் குடுத்தா முடிஞ்சுது, எதுக்கு இந்தப் பாடு" என்று தினமும் ஒரு தடவை சொன்னார். ஏஜென்ட் வந்தாலும் அந்த இரட்டைச் சடை போட்டோவை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பார்?

விண்ணப்பத்தோடு 'ஃபார்ம் 1' என்று ஒரு உடல்நல உறுதிமொழி வரும். எல்லோரும் படிக்காமல் டிக் அடிக்கும் இடம் இதுதான். நான் படித்தேன். வலிப்பு உண்டா, மாலைக்கண் உண்டா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்று கேட்டுவிட்டு, நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா என்று ஒரு கேள்வி. கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே படிக்கலாம். எங்கள் தெருமுனையில் ஒரு வெள்ளை கார் எப்போதும் நிற்கும். அங்கிருந்து முப்பத்தைந்து எட்டு எண்ணி மகளை நிறுத்தினேன். ஒரு கண்ணைப் பொத்திப் படிக்கச் சொன்னேன். வலது கண்ணில் கடகடவென்று படித்தாள். இடது கண்ணில், கே.ஏ. பூஜ்ஜியம் மூன்று வரை வந்தது. அதற்குப் பிறகு எட்டா, மூன்றா, பி எழுத்தா என்று இழுத்தாள். மறுநாள் கண்ணாடிக் கடையில் பார்த்தால் பவர் ஏறியிருந்தது. இரண்டு வருஷமாக அதே கண்ணாடியில்தான் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறாள். உங்கள் வீட்டிலும் இதை மட்டும் செய்யாமல் விடாதீர்கள்.

வண்டி வகையில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கியர் உள்ள டூவீலர் என்று எடுத்தால் ஸ்கூட்டரும் அதற்குள் அடங்கும். ஆனால் பின்னால் டி.எல். என்னும் நிரந்தர லைசென்ஸ் டெஸ்டுக்குக் கியர் வண்டியில்தான் போய் எட்டுப் போட வேண்டியிருக்கும். பைக்கைத் தொட்டதே இல்லாத பிள்ளை எதற்கு அந்த வம்பில் மாட்ட வேண்டும்? நாங்கள் கியர் இல்லாத டூவீலரும் காரும் என்று இரண்டைப் போட்டோம்.

பதினாறு வயதிலேயே எடுக்கலாமே என்று பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான். எடுக்கலாம், பெற்றோர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். ஆனால் அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த காலத்துக்கு அது பொருத்தமான சட்டம். இன்றைக்கு ஷோரூமில் பெட்ரோல் ஸ்கூட்டர் எல்லாம் 50 சிசிக்கு மேலேதான். அந்த லைசென்ஸை வைத்துக்கொண்டு அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினதற்குச் சமம். 2019-ல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கு அல்லது வண்டிக்காரருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. வண்டியின் பதிவு ஒரு வருஷம் ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸே கிடையாது. "ரெண்டு வருஷம் பொறுடா ராஜா" என்றேன். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொடாத, 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார் உள்ள சின்ன எலக்ட்ரிக் வண்டிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதைக் கேட்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

தேர்வு. முதலில் சாலைப் பாதுகாப்பு வீடியோவை முழுசாகப் பார்க்க வேண்டும், பிறகு கேள்விகள். அறுபது சதவீதம் சரியாக இருந்தால் பாஸ். பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது பலகைகளில். வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீலச் செவ்வகம் என்றால் தகவல். இதை வைத்தே பாதி விடை கண்டுபிடிக்கலாம். நீல வட்டத்தில் சிவப்புக் கோடு ஒன்று குறுக்கே போனால் நோ பார்க்கிங், இரண்டு கோடு பெருக்கல் குறியாகப் போனால் வண்டியை நிறுத்தவே கூடாது. மகளுக்கு இது குழம்பிக்கொண்டே இருந்தது. மார்க்கெட்டுக்குப் போகும் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். விட்டு விட்டு எரியும் சிவப்பு விளக்கு என்றால் நின்று பார்த்துப் போக வேண்டும், மஞ்சள் என்றால் மெதுவாகப் போகலாம். குறுகலான மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் வழி. ஏற்காடு போய் வந்த பிள்ளைக்கு இது சொல்லாமலே தெரியும்.

எல்.எல்.ஆர். பி.டி.எஃப். ஆக வந்ததும் பிரிண்ட் எடுத்து ஸ்கூட்டர் டிக்கியில் ஒன்று போட்டு வைத்தோம். ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தால்தான் டி.எல். டெஸ்டுக்குப் போகலாம். நடுவில் வரும் ஐந்து மாதத்தை ஏதோ நிறைய இருக்கிறது என்று விட்டுவிட்டால் கல்லூரி, செமஸ்டர் என்று ஓடிப்போகும். முப்பத்தொன்றாவது நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து ஸ்லாட் எடுங்கள்.

எல் போர்டு முன்னும் பின்னும் வேண்டும். 18 சென்டிமீட்டர் சதுரம், வெள்ளையில் சிவப்பு எழுத்து, எழுத்தின் உயரம் பத்து சென்டிமீட்டர். கடையில் விற்கும் ஸ்டிக்கர் அதைவிடச் சின்னதாக இருந்தது. கல்யாணப் பத்திரிகை அட்டையை ஸ்கேல் வைத்து வெட்டிச் சிவப்பு டேப் ஒட்டினோம். பின்னால் உட்கார, அந்த வண்டிக்கு லைசென்ஸ் உள்ள, கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. தோழிகள் கிடையாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தது நான்தான். திருவள்ளுவர் சிலைப் பக்கம் ஆரம்பித்து அல்சூர் ஏரியை ஒட்டி ஒரு சுற்று. முதல் சுற்றில் இரண்டு கையாலும் அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தேன். "அம்மா, தோளை விடு, ஹேண்டில் ஆடுது" என்றாள்.