வாடகைக்கு விட வீடு வாங்கப் போகிறீர்களா? இடத்தை இப்படித் தேர்ந்தெடுங்கள்

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் வாடகைக்கு விடுவதற்கென்று முதல்முறையாக வீடு தேடுகிற நம்மவர்களிடம் பேசிப் பாருங்கள். நீச்சல் குளம் இருக்கிறதா, எத்தனையாவது மாடி, டெவலப்பர் என்ன தள்ளுபடி தருகிறார் என்றுதான் பேச்சு ஓடும். சரி, அந்த வீட்டுக்கு யார் குடிவருவார் என்று கேட்டால், "யாராவது வருவாங்க" என்பார்கள். முப்பது முப்பத்தைந்து வருடக் கடனை அந்த "யாராவது"வை நம்பி எடுக்கக் கூடாது. குடிவரப் போகிறவரை முதலில் முடிவு செய்துவிட்டு, அவர் எங்கே இருந்தே ஆகவேண்டும் என்று பார்த்து, அதற்குப் பிறகுதான் வீட்டைத் தேட வேண்டும்.

படி 1: குடிவருகிறவர் யார் என்று எழுதுங்கள்

இளைஞர்கள், குடும்பங்கள் என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. "கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் வேலை செய்யும் தாதியர், இரண்டு மூன்று பேர் சேர்ந்து இருப்பார்கள், கார் கிடையாது" என்று எழுதும் அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். அப்படி எழுதியதுமே தேட வேண்டிய இடம் சுருங்கிவிடும். புத்ராஜெயா எம்.ஆர்.டி ரயில் தடம் 2023 மார்ச்சில் முழுமையாகத் திறந்துவிட்டது, செந்தூல் பாராட் நிலையத்தில் ஏறினால் அடுத்தது தித்திவங்சா, அதற்கடுத்தது மருத்துவமனை. ஆக செந்தூலில் அந்த நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு பழைய அடுக்குமாடி வீடு, மாநகரத்தின் நடுவில் இருக்கிற பளபளப்பான ஸ்டூடியோவைவிட அந்தத் தாதிக்கு உபயோகமானது.

மாணவர்கள் என்றால் வேறு கணக்கு. சன்வேயைச் சுற்றி மொனாஷ், சன்வே, டெய்லர்ஸ் என்று மூன்று பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, கூடவே ஒரு பெரிய மருத்துவமனையும் இருக்கிறது. செராசில் தாமான் கன்னாட் பக்கம் யு.சி.எஸ்.ஐ பல்கலைக்கழகம் (புதன்கிழமை இரவுச் சந்தை நேரத்தில் மட்டும் அந்தப் பக்கம் காரில் வீடு பார்க்கப் போகாதீர்கள்). மாணவர்களுக்கு அறை அறையாக விடலாம், மொத்த வாடகை கூடும், ஆனால் விடுமுறையில் காலியாகும், பொருட்கள் சீக்கிரம் தேயும், ஒவ்வொரு அறைக்கும் நீங்கள்தான் ஆள் பிடிக்க வேண்டும்.

ஒரே ஒரு கல்லூரியையோ ஒரே ஒரு தொழிற்சாலையையோ நம்பி இருக்கும் இடத்தை நான் தவிர்க்கச் சொல்வேன். அது இடம் மாறினால் அந்தத் தாமான் (குடியிருப்புப் பகுதி) முழுவதும் ஒரே நேரத்தில் காலியாகும். குறைந்தது இரண்டு வகையான ஆட்கள் வரக்கூடிய இடமாகப் பாருங்கள்.

படி 2: நிலையத்திலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள்

விளம்பரத்தில் "எல்.ஆர்.டி 500 மீட்டர்" என்று இருக்கும். வரைபடத்தில் கோடு போட்டால் 500 மீட்டர்தான், நடுவில் ஒரு நெடுஞ்சாலை ஓடும், கடக்க மேம்பாலம் இருக்காது. அதனால் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு ரயிலில் போங்கள். மாலை ஏழு மணிக்கு, வேலை முடிந்து திரும்பும் கூட்டத்தோடு இறங்கி நடங்கள். கூரை போட்ட நடைபாதை இருக்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா, மழை வந்தால் எங்கே ஒதுங்குவது, ஒரு பெண் தனியாக இந்த வழியில் நடப்பாளா? வழியில் ஒரு மாமாக் சாப்பாட்டுக் கடையும் ஒரு டோபிக் கடையும் இருந்தால் நல்லது. கூட இறங்கியவர்கள் எந்தக் கட்டடத்துக்குள் போகிறார்கள் என்பதையும் பாருங்கள், அதுதான் குடியிருப்பவர்கள் நிறைந்த கட்டடம்.

படி 3: எத்தனை வீடு காலியாக இருக்கிறது என்று எண்ணுங்கள்

வாடகையை அடித்துக் கீழே இறக்குவது காலி வீடுகள்தான். ஒரே சாலையில் மூன்று கோபுரங்கள் ஒரே வருடத்தில் சாவி கொடுத்தால் நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள் ஒரே நேரத்தில் ஆள் தேடுவார்கள், யார் முதலில் நூறு வெள்ளி (ரிங்கிட்) குறைக்கிறார் என்ற போட்டி தொடங்கிவிடும். கட்டி முடித்தும் விற்காமல் இருக்கும் வீடுகளைப் பற்றி நெப்பிக் எனப்படும் தேசிய சொத்துத் தகவல் மையம் அறிக்கை வெளியிடுகிறது, இலவசம்தான். மாநில வாரியாக, வீட்டு வகை வாரியாகப் பார்க்கலாம். கொண்டோவும் சர்வீஸ் அபார்ட்மெண்டும் உங்கள் பகுதியில் எப்படி இருக்கின்றன என்று முதலில் அங்கே பாருங்கள்.

அப்புறம் கட்டடத்துக்கு எதிரே நின்று அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏர்கோன் கம்ப்ரசர் வைக்க ஒரு திட்டு இருக்கும். அதில் கம்ப்ரசர் இல்லை, பால்கனியில் துணி இல்லை, ராத்திரி எட்டு மணிக்கு விளக்கும் இல்லை என்றால் அந்த வீட்டில் யாரும் இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் எண்ணினாலே ஓரளவு தெரிந்துவிடும். கீழே தபால் பெட்டிகளைப் பாருங்கள், விளம்பரத் தாள்கள் பிதுங்கிக்கொண்டு இருக்கிறதா? லிப்ட் பக்கத்தில் பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களின் பட்டியல் ஒட்டியிருக்கிறதா, அது எவ்வளவு நீளம்? ஜாகாவிடம் (காவலாளியிடம்) ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள், எந்த புளோக்கில் ஆள் தங்குவதில்லை, எந்த லிப்ட் அடிக்கடி நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

படி 4: உண்மையான வாடகையைக் கண்டுபிடியுங்கள்

விளம்பரத்தில் போட்டிருப்பது உரிமையாளரின் ஆசை. மூடா, ஐபிராப்பர்ட்டி போன்ற விளம்பர இணையதளங்களில் அந்தக் கட்டடத்தின் வீடுகளைக் குறித்துவைத்து, சில வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். அதே வீடு அதே படத்தோடு இன்னும் இருந்தால் அந்த வாடகைக்கு ஆள் இல்லை. விற்பனை விலைக்கும் இதே கதைதான், கேட்கும் விலையை விட்டுவிட்டு, பதிவான விலையைப் பாருங்கள். சொத்து மதிப்பீட்டுத் துறையின் பரிவர்த்தனைத் தகவல் இணையத்திலேயே கிடைக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வாடகை விளம்பரங்களில் "இந்தியர்களுக்கு இல்லை" என்று வெளிப்படையாகவே எழுதுகிறார்கள், எழுதாதவர்களும் பெயரைக் கேட்டதும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். நல்ல வேலையில் இருந்து, மாதம் தவறாமல் வாடகை கட்டக்கூடிய நம் பிள்ளைகள் வீடு கிடைக்காமல் அலைகிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் வீட்டுக்காரர் ஆகும்போது சம்பளச் சீட்டைப் பாருங்கள், முதலாளியிடமிருந்து கடிதம் கேளுங்கள், சிடோஸ் எனப்படும் கடன் வரலாற்று அறிக்கை கேளுங்கள். வருகிறவர் யாராக இருந்தாலும் அதே கேள்விகள்தான். முதலீடாகப் பார்த்தாலும், மற்றவர்கள் காரணமில்லாமல் ஒதுக்கிய நல்ல குடித்தனக்காரர் கிடைத்தால் நீண்ட நாள் இருப்பார்.

படி 5: மாதக் கணக்கைப் போடுங்கள்

பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள், அதனால் மெதுவாகப் போவோம். 350,000 வெள்ளி வீடு, வாடகை 1,500 என்று வைத்துக்கொள்வோம். 90 விழுக்காடு கடன் என்றால் 315,000 வெள்ளி. வட்டி 4 விழுக்காடு, 35 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1,395. "தவணை 1,395, வாடகை 1,500, மாதம் நூறு வெள்ளி லாபம்" என்று விற்பனையாளர் சொல்வார்.

இப்போது விட்டுப்போனதைச் சேருங்கள். பராமரிப்புக் கட்டணமும் சிங்கிங் ஃபண்டும் (கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி) 300, மதிப்பீட்டு வரி, நில வரி, காப்புறுதி மாதத்துக்குப் பிரித்தால் 80, பழுதுபார்ப்புக்கு 100, வருடத்தில் ஒரு மாதம் காலியாக இருக்கும் என்று வைத்தால் மாதத்துக்கு 125. தவணையோடு சேர்த்து மொத்தம் 2,000. ஆக மாதம் 500 வெள்ளி உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. வருட வாடகை 18,000 என்பது விலையில் 5.1 விழுக்காடு என்று அழகாகத் தெரியும், தவணை தவிர்த்த செலவையும் காலி மாதத்தையும் கழித்தால் 10,740, அதாவது 3.1 விழுக்காடுதான். வங்கிக்கு நீங்கள் கட்டும் வட்டியே 4. என் எண்களை அப்படியே எடுக்காதீர்கள், நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு இடத்துக்கும் உங்கள் எண்களைப் போட்டு ஒப்பிடுங்கள்.

வட்டியும் நிலையாக இருக்காது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஓ.பி.ஆர் (அடிப்படை வட்டி விகிதம்) 2020 ஜூலையில் 1.75 விழுக்காடாக இருந்தது, 2023 மேயில் 3 ஆகிவிட்டது. வட்டி ஒரு விழுக்காடு ஏறினால் தாங்குமா என்றும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கையில் வேண்டிய பணம்: முன்பணம் 35,000, உரிமை மாற்ற முத்திரை வரி 6,000 (முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, மிச்சம் 250,000-க்கு 2 விழுக்காடு), கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, அதற்குமேல் வக்கீல் கட்டணம். மூன்றாவது வீட்டுக் கடனிலிருந்து வங்கி 70 விழுக்காடுதான் தரும். சீக்கிரம் விற்று லாபம் பார்க்கலாம் என்றும் நினைக்காதீர்கள், குடிமக்களுக்கு முதல் மூன்று வருடத்தில் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, நான்காவது வருடம் 20, ஐந்தாவது வருடம் 15, ஆறாவது வருடத்திலிருந்துதான் இல்லை.

பினாங்கில் இருப்பவர்களுக்கு

படிகள் அதேதான், ரயிலுக்குப் பதில் பாலத்தை வைத்துக்கொள்ளுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இலிருந்து ஆட்களை இழுத்துக்கொண்டு இருக்கிறது, சுங்கை டுவா பக்கம் யு.எஸ்.எம் பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கிறார்கள், அதனால் தீவின் அந்தப் பகுதியில் வாடகைக்கு இரண்டு வகை ஆட்கள் உண்டு. தீவில் விலை அதிகம் என்று பெருநிலத்துக்கு வருகிறவர்கள், 2014-இல் திறந்த இரண்டாவது பாலத்தின் பக்கம் பத்து காவானில் தொழிற்சாலைகள் வந்திருப்பதைக் கவனியுங்கள். அங்கே வேலை செய்கிறவர் பாலம் கடக்காமலே இருக்க விரும்புவார்.

படி 6: புக்கிங் பணம் கொடுக்கும் முன்

நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் எடுக்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். குத்தகை நிலமா, எத்தனை வருடம் மிச்சம், உரிமையை மாற்ற மாநில அனுமதி வேண்டுமா என்பதெல்லாம் அதில் தெரியும். பூமிபுத்ரா (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) ஒதுக்கீட்டு வீடா என்பதையும் அவரிடமே உறுதி செய்துகொள்ளுங்கள். குத்தகைக் காலம் குறையக் குறைய அடுத்து வாங்குகிறவருக்குக் கடன் கிடைப்பது கடினம். வணிக நிலத்தில் கட்டிய சர்வீஸ் அபார்ட்மெண்டாக இருந்தால் மின்சாரம், தண்ணீர், வரி எந்தக் கட்டண விகிதத்தில் வருகிறது என்று பழைய பில்லைக் காட்டச் சொல்லுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், கடன் நிராகரிக்கப்பட்டால் புக்கிங் பணம் முழுவதும் திரும்ப வரும் என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட தாள் கைக்கு வந்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.