கில்பிரைட்: ஊர்ப்பெயரைக் கொண்டு ஆளின் பெயரைப் படிக்காதீர்கள்

கிளாஸ்கோவுக்குத் தெற்கே உள்ள ஈஸ்ட் கில்பிரைட், 1947இல் ஸ்காட்லாந்தின் முதல் புதுநகரமாக அறிவிக்கப்பட்ட ஊர். கெய்லிக் மொழியில் 'கில்' என்பது தேவாலயத்தைக் குறிக்கும். சிற்றறை எனப் பொருள்படும் 'செல்லா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'பிரைட்' என்பது அயர்லாந்தின் புனித பிரிஜித்தின் பெயர். ஆகவே இது பிரிஜித்தின் தேவாலயம் இருந்த ஊர். மணமகளைக் குறிக்கும் 'பிரைட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதில் வேலை இல்லை.

இதே பொருளைக் கில்பிரைட் என்ற குடும்பப்பெயருக்கும் ஏற்றிவிடுவதுதான் பலர் செய்யும் பெருந்தவறு. அயர்லாந்தில் அப்பெயர் பெரும்பாலும் 'பிரிஜித்தின் அடியவருடைய மகன்' என்று பொருள்படும் பழம்பெயரின் சிதைவு. 'மாக்' என்றால் மகன், 'கில்லா' என்றால் பணியாள் அல்லது அடியவர். இந்தக் 'கில்லா'வின் முதலெழுத்துக்குத் 'தங்கம்' என்ற சொல்லில் வரும் ககரத்தின் மெல்லிய ஒலி. தேவாலயத்தைக் குறிக்கும் 'கில்'லுக்கோ 'கல்' என்பதில் வரும் வல்லொலி. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் நம் கண்ணுக்கு இந்த வேறுபாடு தப்பிவிடுகிறது. ஆங்கிலேயர் எழுதியபோது 'மாக்'கின் இறுதி ககர ஒலி அடுத்த சொல்லோடு ஒட்டி, பின்னர் 'மா' உதிர்ந்து, அடியவரும் தேவாலயம்போலவே தோற்றமளிக்கத் தொடங்கினார். மெக்பிரைட் என்பதும் இதே பெயரின் இன்னொரு வடிவமே.

அதற்காக எல்லாவற்றையும் அடியவர் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. ஸ்காட்லாந்தில் கில்பாட்ரிக் என்ற குடும்பப்பெயர் உண்மையிலேயே ஊரிலிருந்து வந்திருக்கலாம். அயர்லாந்தில் அதே பெயர் புனித பாட்ரிக்கின் அடியவரைக் குறிக்கலாம். குடும்பம் எந்தக் கரையைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிய வேண்டும்.

'கில்' என்று தொடங்கும் ஊரெல்லாம் தேவாலய ஊர் என்பதும் பிழை. காட்டைக் குறிக்கும் ஐரிஷ் சொல்லும் ஆங்கில எழுத்தில் இதே வடிவம் பெற்றதால், கில்மோர் என்பது ஓரிடத்தில் பெரிய தேவாலயம், வேறோரிடத்தில் பெருங்காடு. யார்க்‌ஷயரின் கில்ஹாம் சூளைகளால் பெயர் பெற்றது. சென்னையின் கீழ்ப்பாக்கத்தை ஆங்கிலத்தில் எழுதினாலும் அதே மூன்றெழுத்தில்தான் தொடங்கும்!

கடைசியாக, கில்பிரைட் என்பது ஒரே ஊர் அன்று. வெஸ்ட் கில்பிரைட் ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் கடற்கரையில் இருக்கிறது. அயர்லாந்தில் விக்லோ உட்படப் பல மாவட்டங்களில் இப்பெயர் உண்டு. மாவட்டத்தையும் தேவாலயப் பங்கையும் சேர்த்துக் குறிக்காத பழைய பதிவை வைத்துக்கொண்டு மூதாதையரை ஓர் ஊரில் குடியேற்றிவிடக் கூடாது.