வசூலுக்குப் போன கடன்: எப்போது கட்டுவது, எங்கே தவறுகிறோம்

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கணக்கில் ஏறுகிற தை, மாசியில் டெல்டாக்காரர்களின் போன் சும்மா இருக்காது. தவணை தவறிய கடனைக் கொடுத்தவர்களுக்காக வசூலிக்கும் ஏஜென்டுகளுக்கு, கையில் காசு வரும் நேரம் எது என்று தெரியும். அப்போது பலர் செய்யும் பெரிய தவறு, யார் அதிகமாகக் கத்துகிறாரோ அவருக்கு முதலில் கட்டுவது.

கத்துகிறவர் பெரும்பாலும் கையில் அடமானம் எதுவும் இல்லாதவர். பர்சனல் லோன், கிரெடிட் கார்டு, போன் ஆப் கடன் எல்லாம் இந்த ரகம். கடைசியில் அவர்கள் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும். "நாளைக்கே வயலை ஜப்தி பண்ணுவோம்" என்று ஏஜென்ட் சொன்னால் அது வெறும் மிரட்டல். அடமானச் சொத்தைக் கோர்ட் இல்லாமலே வங்கி எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம்கூட விவசாய நிலத்துக்குப் பொருந்தாது.

நகைக்கடன் அப்படியில்லை. சத்தமே இருக்காது, ஒரு நோட்டீஸ் வரும், அப்புறம் நகை ஏலத்துக்குப் போய்விடும். சொசைட்டி, அதாவது கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் இன்னும் அமைதி. கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் அதற்கு வட்டியே இல்லை. கெடு தாண்டினால் அந்தச் சலுகை போகும், குறுவைக்குப் புதுக்கடன் கேட்கும்போதும் இழுபறியாகும். வட்டியில்லாத கடனைத் தவணை தவறவிட்டுவிட்டு, கத்துகிற ஆளுக்கு நெல் பணத்தைக் கொடுப்பது இரட்டை நஷ்டம். என் கணக்கில் சொசைட்டியும் நகையும் முதலில், அடுத்த சாகுபடிக்கு விதை, உரச் செலவு தனியாக, மிச்சத்தில்தான் ஏஜென்டுக்குப் பேச்சு.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொள்முதலுக்குப் பதியும்போது எந்த வங்கிக் கணக்கைக் கொடுத்தீர்கள்? நிலுவை வைத்திருக்கும் அதே வங்கி என்றால், வரும் பணத்தை அது நிலுவைக்குப் பிடித்துக்கொள்ளலாம். பதியும் முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அடுத்தது, "ஐநூறாவது போடுங்க சார், கேஸ் போகாது" என்ற பேச்சில் விழுவது. ஐநூறு ரூபாயால் வட்டியும் குறையாது, நம் கடன் வரலாற்றுக்கு மதிப்பெண் போடும் சிபிலும் ஏறாது. ஆனால் பத்திரம் ஏதும் அடமானம் வைக்காத கடனுக்கு வழக்குப் போட 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டம் தரும் கெடு பொதுவாக 3 ஆண்டு. அந்தக் கெடு முடிவதற்குள் எழுத்து ஆதாரத்தோடு கொஞ்சம் கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாலோ, 3 ஆண்டு மறுபடி முதலிலிருந்து ஓடும். கெடு முடிந்த பிறகும்கூட, கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது புது ஒப்பந்தமாகிவிடும். பழைய கடனைக் கட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. கட்டினால் முடிக்கிற மாதிரி கட்டுங்கள், துளித்துளியாக வேண்டாம்.

தள்ளுபடிக்காகக் காத்திருப்பவர்களும் நம் பக்கம் நிறைய. 2021-இல் ₹12,110 கோடி தள்ளுபடியானது உண்மைதான். ஆனால் அது கூட்டுறவுப் பயிர்க்கடன். தனியார் வங்கியின் பர்சனல் லோனும் மகளிர் குழுக்களுக்கு மைக்ரோ ஃபைனான்ஸ் கொடுத்த கடனும் அதில் வரவில்லை. தேர்தல் பேச்சை நம்பிக் கட்டாமல் விட்டால் வட்டிமேல் வட்டி ஏறுவதுதான் மிச்சம்.

சரி, பேசிக் குறைத்து ஒரு தொகைக்கு மொத்தமாக முடித்துவிடலாம் (இதைத்தான் செட்டில்மென்ட் என்பார்கள்) என்று முடிவெடுத்தால் நேரம் பார்ப்பதில் தவறில்லை. மார்ச் கடைசியில் வங்கிகளுக்குக் கணக்கு முடிக்கும் அவசரம், நமக்கும் அதற்குள் சம்பா பணம் கையில். பேரம் பேச நல்ல வேளை. சமரசமாகத் தீர்த்துவைக்கும் மக்கள் நீதிமன்றத்திலும் (லோக் அதாலத்) பேசலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே எழுதி முடித்ததற்கு மேல்முறையீடு இல்லை என்பதால், கட்ட முடிந்த தொகைக்கு மட்டும் தலையாட்டுங்கள். கொள்முதல் பணம் வரத் தாமதமாவது புதிதில்லையே, வராத பணத்தை வைத்துத் தேதி கொடுக்கவும் வேண்டாம். செட்டில்மென்ட் தவணை ஒன்று தப்பினாலும் குறைத்துக் கொடுத்த சலுகை ரத்தாகலாம்.

குறைத்துக் கட்டினால் சிபிலில் 'செட்டில்டு' என்று விழும். முழுசாகக் கட்டினால்தான் 'குளோஸ்டு'. வரும் சில வருடங்களில் வீட்டுக்கடனோ பிள்ளைக்குக் கல்விக்கடனோ வாங்கும் யோசனை இருந்தால், கூடக்கொஞ்சம் புரட்டியாவது முழுசாக முடிப்பதே மேல். அப்படி யோசனை இல்லாதவர் செட்டில்மென்டுக்குப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணத்தை ஏஜென்டின் ஜிபே நம்பருக்கு அனுப்பவே கூடாது. கடன் கொடுத்த வங்கியிடமிருந்து தொகை, தேதி, கணக்கு எண் எல்லாம் போட்ட கடிதம் வந்த பிறகே பணம். கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டோம் என்றால் அதற்கும் கடிதம் கேளுங்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் ஏஜென்ட் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்புட்ஸ்மேன்.

கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்று வாங்குங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். இன்னும் பழைய பாக்கியே நின்றால் சான்றைக் காட்டித் திருத்தக் கேட்கலாம். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் ₹100 உங்களுக்கு இழப்பீடு.