மடம் நிறுவிய ஜெர்மானியப் பிரபுவின் வாழ்க்கையை எழுதுவது எப்படி

மத்தியகால ஜெர்மானியப் பிரபுக்களில் மடம் கட்டியவர்களைப் பற்றித்தான் நமக்கு நிறைய எழுத்து கிடைக்கிறது. அவர்களுக்காக ஜெபிக்கவும், அவர்கள் பெயரை ஏட்டில் ஏற்றவும் துறவிகள் இருந்தார்கள். ஆனால் துறவி எழுதிய நிறுவனர் வரலாறு மடத்து நிலங்களுக்கான உரிமைப் பத்திரமாகவும் பயன்பட்டது. அதனால் அதைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்துவிட்டால் அந்தக் கதையின் ஓட்டத்துக்கே மற்ற எல்லா ஆவணங்களையும் வளைத்துவிடுவோம்.

மாதிரிக்கு க்ரோயிச் கோட்டையின் பிரபு விப்ரெக்டை எடுத்துக்கொள்வோம். லைப்சிக்குக்குத் தெற்கே, வைசே எல்ஸ்டர் ஆற்றங்கரையில் உள்ள பெகாவில், தூய யாக்கோபுவின் பெயரில் 1091-இல் பெனடிக்டின் மடம் தொடங்கியவர் இவர். 1096-இல் அது அர்ச்சிக்கப்பட்டது.

பெயரைப் பிரித்து வையுங்கள்

இவருடைய தந்தையின் பெயரும் விப்ரெக்ட், மகனின் பெயரும் விப்ரெக்ட். லத்தீனில் விக்பெர்ட்டுஸ் என்றும் வரும். மூவருக்கும் தனித்தனித் தாள் போட்டு, ஒவ்வொரு ஆவணமும் எவரைச் சொல்கிறது என்று முடிவு செய்த பிறகே குறிப்பெடுங்கள். இதில் சோம்பல்பட்டால் மகன் செய்த செயல் தந்தையின் கணக்கில் ஏறிவிடும்.

தேதியை மாற்றுங்கள்

மடத்தின் நினைவுநாள் ஏட்டில் இறந்த நாள் இருக்கும். ஆண்டு பெரும்பாலும் இருக்காது. ஆண்டுதோறும் அந்த நாளில் திருப்பலி நடத்தத்தான் அந்த ஏடு, ஆண்டு அதற்குத் தேவைப்படவில்லை. நாளும் ரோமானிய முறையில் இருக்கும்; அதில் கலெண்ட்ஸ் என்றால் மாதத்தின் முதல் நாள். "ஜூன் கலெண்ட்ஸுக்கு முன் 11" என்று பார்த்ததும் ஜூன் 11 என்று எழுதுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. சரியான கணக்கு இது: முந்தைய மாதத்தின் நாள்களோடு 2 கூட்டி, அந்த எண்ணைக் கழியுங்கள். மே மாதத்துக்கு 31 நாள்; 31+2=33; 33-11=22. மே 22. விப்ரெக்ட் இறந்தது 1124 மே 22. ரோமானியர்கள் தொடக்க நாளையும் முடிவு நாளையும் சேர்த்தே எண்ணினார்கள், அதனால்தான் 2 கூட்டுகிறோம். 1 மட்டும் கூட்டினால் ஒரு நாள் பிசகும்.

சாசனத்தில் ஆண்டோடு இண்டிக்‌ஷன் என்ற 15 ஆண்டுச் சுற்றின் எண்ணும் வரும். ஆண்டோடு 3 கூட்டி 15-ஆல் வகுத்தால் மீதிதான் அது. மீதி இல்லையென்றால் 15. 1124-க்கு 1127 வகுத்தல் 15, மீதி 2. செப்டம்பருக்குப் பிந்தைய சாசனங்களில் ஒன்று கூடி வரலாம், அதைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். பேரரசரின் அலுவலகம் கிறிஸ்துமஸிலிருந்து ஆண்டைத் தொடங்கியது; டிசம்பர் கடைசி வாரத்துச் சாசனம் நம் கணக்கில் முந்தைய ஆண்டைச் சேரும்.

சாட்சிப் பட்டியலைச் சல்லடை போடுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். சாசனத்தின் கடைசியில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அந்த ஆண்டில் அவர் உயிரோடு இருந்தாரா, அந்தப் பதவியில் இருந்தாரா என்று பாருங்கள். விப்ரெக்டுக்கு மைசன், லவுசிட்ஸ் எல்லைப்புறங்களைப் பேரரசர் ஐந்தாம் ஹென்றி கொடுத்தது 1123-இல். அதற்கு முந்தைய தேதியிட்ட சாசனத்தில் இவர் மார்க்கிரேவ், அதாவது எல்லைப்புற ஆட்சியாளர், என்று இருந்தால் உடனே நிறுத்துங்கள். ஒன்று பின்னால் யாரோ படியெடுத்தபோது சேர்த்திருக்கிறார்கள், இல்லையென்றால் முழுச் சாசனமுமே போலி. மைசன் பதவிக்குச் சாக்சனியின் கோமகன் லோதர், கொன்ராட் ஃபோன் வெட்டினை நிறுத்தியிருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது. பட்டம் கிடைத்தது என்பதால் நாடும் கையில் வந்தது என்று எழுதிவிட முடியாது.

போலி என்பது அரிதான விஷயமும் இல்லை. துள்ளுநர் லுட்விக் என்று பெயர் பெற்ற தூரிங்கியப் பிரபு 1085-இல் நிறுவிய ரைன்ஹார்ட்ஸ்ப்ரூன் மடத்தின் மிகப் பழைய சாசனங்கள் பல 12ஆம் நூற்றாண்டில் மடத்திலேயே தயாரானவை. போலிச் சாசனத்தைத் தூக்கி எறியாதீர்கள். அது தயாரான காலத்தில் மடத்துக்கு எந்த நிலத்தின் மீது, யாரோடு வழக்கு என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

நிலத்தை அளக்கும்போது

தானத்தில் "ஹூஃபே" என்ற அளவு வரும். ஒரு குடும்பம் உழுது பிழைக்கும் நிலம் என்பதே அடிப்படைப் பொருள். பிராங்கோனிய ஹூஃபே சுமார் 24 ஹெக்டேர், ஃப்ளெமிஷ் ஹூஃபே சுமார் 17. எது என்று சாசனம் சொல்லவில்லையென்றால் ஹூஃபே என்றே விட்டுவிடுங்கள்.

இப்போது வரலாற்றேட்டைத் திறங்கள்

பெகாவ் ஆண்டேடு 12ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த மடத்தில் எழுதப்பட்டது. மோனுமென்டா ஜெர்மானியே ஹிஸ்டோரிகா என்ற ஜெர்மானிய வரலாற்று மூல நூல்களின் பதிப்பு வரிசையில், வரலாற்றாசிரியர் பிரிவின் 16ஆம் தொகுதியில் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். மூன்று நிறப் பென்சில்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எமெல்ரிக் என்ற டியூட்டோனிய அரசர் வழியில் வந்த குலம் என்ற தொடக்கப் பகுதிக்கு ஒரு நிறம், அது புராணம். வேறு ஆவணத்தால் உறுதியாகும் செய்திகளுக்கு இன்னொன்று: போஹீமியாவின் விராடிஸ்லாவின் மகள் யூதித்தை மணந்தது, நான்காம் ஹென்றியோடு இத்தாலிக்குப் போனது. ஏடு மட்டுமே சொல்லும் செய்திகளுக்கு மூன்றாவது.

மூன்றாவது நிறத்தில்தான் அருமையான செய்திகள் இருக்கும். பிராங்கோனியாவிலிருந்து குடியானவர்களை வரவழைத்து, காட்டை வெட்டிக் குடியேறியவர் ஒவ்வொருவரும் தன் ஊருக்குத் தன் பெயரையே வைக்கச் சொன்னதாக ஏடு சொல்கிறது. சுற்றுவட்டார ஊர்ப்பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கூடிய செய்தி இது, ஒப்பிட்டுப் பாருங்கள்.

மடம் ஏன் கட்டினார் என்ற கேள்விக்கு ஏடு தரும் பதில் பிராயச்சித்தம்: ஸைட்ஸில் தூய யாக்கோபு ஆலயத்தை எரித்தார், ரோமுக்கும் பிறகு சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்கும் யாத்திரை போனார், திரும்பி வந்து கட்டினார். மடம் யாக்கோபுவின் பெயரில் இருப்பது இதற்குப் பொருந்துகிறது. அதே மடம் க்ரோயிச் கோட்டைக்குப் பக்கத்தில் குடும்பக் கல்லறைக்கான இடமும் ஆயிற்று. ஒன்றை உண்மை நோக்கம் என்றும் மற்றதைச் சாக்கு என்றும் பிரிக்க ஆவணம் இடம் தரவில்லை, இரண்டையும் எழுதுங்கள்.

கல்லறை

பெகாவின் தூய லாரன்ஸ் ஆலயத்தில் உள்ள விப்ரெக்டின் கல்லறைச் சிற்பம் அவர் இறந்து ஏறத்தாழ 100 ஆண்டு கழித்துச் செதுக்கியது. முகத்தையும் உடையையும் 1100-களின் தொடக்கத்துச் சான்றாகக் கொள்ளாதீர்கள். ஏட்டின்படி, ஹாலேயில் இரவில் படுக்கை தீப்பற்றியபோது வெறுங்காலால் மிதித்து அணைத்தவர், அந்தக் காயத்தோடு பெகாவுக்கு வந்து துறவி உடை அணிந்து இறந்தார். சிற்பமோ செல்வப் பிரபுவின் கோலத்தில் இருக்கிறது. அது யார் பார்ப்பதற்காக, எந்த மடத்தலைவரின் காலத்தில் வைக்கப்பட்டது என்பதைத் தனித் தாளில் குறித்து, வாழ்க்கைக் குறிப்புகளோடு கலக்காமல் வையுங்கள்.