கேம் நடுவில் சிஸ்டம் ஹேங் ஆகிறதா? கார்டு வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

அக்கா பையன் ஃபோனில், "மாமா, கிராபிக்ஸ் கார்டு போயிடுச்சாம், கடையில சொல்றாங்க" என்றான். கேம் ஆரம்பித்து 20 நிமிடத்தில் படம் அப்படியே நின்றுவிடும், கடைசியாக வந்த சத்தம் மட்டும் ட்ர்ர்ர் என்று ஸ்பீக்கரில் இழுத்துக்கொண்டே இருக்கும், பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தால்தான் உண்டு. அதற்குள் இரண்டு முறை விண்டோஸை அழித்துப் போட்டுப் பார்த்துவிட்டான். புது கார்டின் விலையைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. கடைசியில் கார்டில் ஒரு கோளாறும் இல்லை, பைசா செலவில்லாமல் முடிந்தது. என்ன கோளாறு என்பது ராம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்) பகுதியில் வரும்.

ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு நிபந்தனை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். டிரைவரையும் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) மாற்றி, ராமையும் கழற்றி மாட்டி, கேமையும் அழித்துப் போட்டால் சரியாகலாம், ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த வாரம் திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டே வாருங்கள்.

எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள்

பாதி விடை இதிலேயே இருக்கிறது. கேம் மட்டும் மூடி டெஸ்க்டாப்புக்கு வந்தால் கேம் ஃபைல், டிரைவர், சில சமயம் ராம். கரண்ட் போன மாதிரி பட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டி) அல்லது வீட்டு மின்சாரம் பக்கம் முதலில் போங்கள். திரை மட்டும் கறுப்பாகி, சத்தம் கேட்டுக்கொண்டே, கார்டின் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சுற்றினால் கார்டு, அல்லது கார்டுக்குப் போகும் பவர் கேபிள். ப்ளூ ஸ்கிரீன் வந்தால் அதில் இருக்கும் ஸ்டாப் கோடை மொபைலில் படம் எடுத்து வையுங்கள்.

மொத்தமாக உறைந்து நின்றால் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் விண்டோஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அமுக்கினால் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், படம் திரும்பி வந்தால் சந்தேகம் டிரைவர் மேல்தான். விளக்கு அசையவே இல்லை என்றால் கோளாறு இன்னும் அடியில் இருக்கிறது.

அப்புறம் ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். எந்த நாளில் எது விழுந்தது என்று சிவப்புக் குறி போட்டுக் காட்டும். ஈவன்ட் வியூவரும் பார்க்கலாம், ஆனால் அங்கே கெர்னல்-பவர் 41 என்று ஒன்றைப் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் போச்சு என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. சிஸ்டம் முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றது என்பதுதான் அதற்கு அர்த்தம், நீங்களே பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்தாலும் அது பதிவாகும். டபிள்யூ-எச்-இ-ஏ லாகர் (WHEA-Logger) என்ற பெயரில் ஏதாவது இருந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அது ஹார்டுவேர் தரும் புகார்.

சூடு

எல்லோரும் முதலில் பழி போடுவது இதன் மேல்தான், பாதி நேரம் அநியாயமாக. இப்போதைய பிராசசர்கள் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால்தான் அணையும். எச்டபிள்யூ-இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சென்சார் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் ஆடுங்கள், பிறகு அதிகபட்சம் எவ்வளவு என்று பாருங்கள். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 டிகிரி வரை அனுமதி உண்டு, பல இன்டெல் சிப்களுக்கு 100. அந்த எல்லையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் பக்கத்துத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். சூடு நன்றாக இறங்கினால் காற்றோட்டம்தான் குறை. நம் ஊர் கம்ப்யூட்டர் டேபிளில் கேபினட்டைச் செருகி வைக்க ஒரு பொந்து இருக்குமே, மே மாதத்தில் அது அடுப்பு. வெளியே எடுத்து வையுங்கள்.

தூசி ஊதும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள்.

ராம்

அக்கா பையன் கதை இங்கேதான். அவன் சிஸ்டத்தில் முதலில் 8 ஜிபி ராம் ஒன்று இருந்தது, ஆறு மாதம் கழித்து வேறு கம்பெனி 8 ஜிபி ஒன்றை வாங்கிப் பக்கத்தில் செருகியிருக்கிறான். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டின் செட்டிங்ஸ்) எக்ஸ்எம்பி, அதாவது ராமைப் பெட்டியில் அச்சடித்த வேகத்தில் ஓட்டும் செட்டிங், ஆன். இரண்டும் தனித்தனியாக 3600 வேகத்தில் ஓடும், சேர்ந்தால் ஓடாது. எக்ஸ்எம்பி, அதையே ஏஎம்டி போர்டுகளில் செய்யும் எக்ஸ்போ, இரண்டுமே ஒரு வகை ஓவர்க்ளாக்தான் (சாதாரண வேகத்தைத் தாண்டி ஓட்டுவது), பெட்டியில் அச்சடித்த வேகத்தில் எல்லா போர்டிலும் ஓடும் என்று உறுதி கிடையாது.

செய்ய வேண்டியது: சிஸ்டத்தை ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்துவிட்டு இரண்டு நாள் ஆடுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை, இது சோதனைதான். நின்றுவிடுவது போய்விட்டால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. போகவில்லை என்றால் ஒரு ராமை மட்டும் வைத்து ஆடுங்கள், பிறகு மற்றதை மட்டும். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ராம் என்றால் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது ஸ்லாட்டில் இருக்க வேண்டும், போர்டு கையேட்டில் படம் போட்டிருக்கும். இரவு தூங்கப் போகும்போது ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் ஏற்றி ஓட விடுங்கள். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் அது தோல்விதான், "ஒண்ணுதானே" என்று விடாதீர்கள்.

அவனுக்கு எக்ஸ்எம்பியை ஆஃப் செய்தோம், 3600க்குப் பதில் 2666இல் ஓடுகிறது, இன்றுவரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

டிரைவர்

இது சுலபம். ஆஃப்டர்பர்னரில் (கார்டின் வேகத்தை மாற்றும் மென்பொருள்) ஏதாவது ஓவர்க்ளாக் வைத்திருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். பிறகு டிடியு என்ற கருவியைக் கொண்டு, இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, சேஃப் மோடில் பழைய டிரைவரைச் சுத்தமாகத் துடைத்து, கார்டு கம்பெனி தளத்திலிருந்து எடுத்து வைத்த டிரைவரைப் போடுங்கள். புது டிரைவர் போட்ட நாளிலிருந்துதான் பிரச்சினை என்றால் அதற்கு முந்தையதைப் போடுங்கள். இதோடு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டியின் உடல்நிலையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், சுவர் பிளக்

பட்டென்று அணையும் சிஸ்டத்துக்கு முதல் சோதனை யுபிஎஸ்ஸைத் தள்ளி வைப்பது. வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பிராசசரும் கார்டும் சேர்ந்து ஒரு நொடி எகிறினாலே அதைத் தாண்டிவிடும். நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி ஆடிப் பாருங்கள். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பாருங்கள், கேம் அப்புறம்.

அடுத்து கேபிள். ஒரு 8 பின் கனெக்டருக்குக் கணக்கு 150 வாட், மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் தரும். பெரிய கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், ஒரே கேபிளில் தொங்கும் இரண்டு தலையையும் மாட்டாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனியாக இரண்டு கேபிள் கொண்டுவாருங்கள். புது 16 பின் கனெக்டர் என்றால் இடைவெளி தெரியாத அளவுக்குக் கடைசிவரை அழுத்துங்கள், அரைகுறையாக நின்றால் உருகும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது, உள்ளே பின் வரிசை வேறாக இருந்தால் ஹார்டு டிஸ்க்கே எரியும். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவும் கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சார்ஜ் இருக்கும்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை வைத்திருந்தால்

இவர்கள் மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பார்க்கலாம், குறிப்பாக ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள். தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் சிப்பே கெட்டுவிடுகிறது என்று 2024 ஜூலையில் இன்டெலே ஒப்புக்கொண்டது, ஆகஸ்டிலிருந்து அதற்கான மைக்ரோகோட் (சிப்புக்குள் ஓடும் திருத்தம்) பயாஸ் அப்டேட்டாக வந்தது, வாரன்டியை 2 ஆண்டு நீட்டினார்கள். கார்டில் மெமரி தாராளமாக இருந்தும் அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருளில் செய்த கேம்களில் 'அவுட் ஆஃப் வீடியோ மெமரி' என்று வருவது இதன் பிரபலமான அறிகுறி. அதைப் பார்த்து கார்டை மாற்றியவர்களும் உண்டு. அப்டேட் இனிமேல் கெடாமல் காக்கும், கெட்டதைச் சரி செய்யாது, அதற்கு வாரன்டிதான் வழி. பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடலாம், அப்போது மட்டும் அந்த யுபிஎஸ்ஸைத் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் சிஸ்டம் இழுக்கும் மின்சாரம் குறைவுதான்.

இவ்வளவும் செய்து இன்னும் நின்றால் கடைக்குத்தான் போக வேண்டும். போகும்போது நோட்டையும் எடுத்துப் போங்கள். "கார்டு போச்சு" என்று சொன்னால், வேறொரு நல்ல கார்டை உங்கள் சிஸ்டத்தில் மாட்டி, உங்கள் எதிரிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.