மென்பவளத் துண்டு ஏன் கல்லைப் பிடிப்பதில்லை?

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் மென்பவளத்தை (சாஃப்ட் கோரல்) வெட்டுவது யாருக்கும் வரும். வெட்டிய துண்டைப் பிழைக்க வைப்பதுதான் வேலை. அது போவதும் பெரும்பாலும் அடுத்த இரண்டு மூன்று நாட்களில்தான்.

தோல்போல் தடித்த மென்பவளமான லெதர் கோரலை நேராக சூப்பர் குளூ ஜெல்லால் ஒட்டுவதுதான் அதிகம் பேர் செய்யும் தவறு. வெட்டுவாயில் சளி ஊறிக்கொண்டே இருக்கும். பசை அந்தச் சளியோடு சேர்ந்து இறுகுமே தவிர சதையைப் பிடிக்காது. மறுநாள் பார்த்தால் பசைத்தட்டு கல்லிலேயே இருக்கும், துண்டு மட்டும் பம்பின் வாயில் சிக்கிக் கிடக்கும்.

கத்தரிக்கோல் சதையை நசுக்கும். புது ஸ்கால்பெல் பிளேடால் 3 செ.மீ. அளவுக்கு ஒரே இழுப்பில் வெட்டி, தொட்டித் தண்ணீர் எடுத்த தனிக் கிண்ணத்தில் சளி போக அலசுங்கள். பிறகு ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் உடைந்த பவளக்கல் பரப்பி, துண்டை மேலே வைத்து, வலைத்துணியால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். நீரோட்டம் மிதமாக இருக்கட்டும். ஒன்றிரண்டு வாரத்தில் ஏதோ ஒரு கல்லைப் பிடித்துவிடும். அந்தக் கல்லைப் பிளக்கில் (துண்டை நிறுத்தும் சிறு கல் அடியில்) ஒட்ட அதே ஜெல் போதும், கல்லோடு கல் நன்றாக ஒட்டும். வலைக்கு, தென்னாப்பிரிக்க டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் துணிக்கடைகளில் கிடைக்கும் முக்காட்டுத் துணியே சரி. ஆனால் ஜரிகை ஓடியதை வாங்காதீர்கள். ஜரிகையில் செம்பு இருக்கலாம், செம்பு பவளத்துக்கு நஞ்சு.

வெட்டுப்பட்ட லெதர் தண்ணீரில் டெர்பீன் வகை நஞ்சுகளை விடும். 100 லிட்டர் தொட்டியில் பெரிய தலையை ஒரே நாளில் நாலாக வெட்டினால் பக்கத்துப் பவளங்கள் சுருங்கிவிடும். அன்றே 10 முதல் 15 சதவீதம் தண்ணீர் மாற்றி, நஞ்சை உறிஞ்ச 100 லிட்டருக்குச் சுமார் 3 மேசைக்கரண்டி ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள்.

தாய்ப் பவளம் பாலிப்பை (பூப்போல் விரியும் சிறு உயிர்களை) மூடி, மேலே மெழுகுபோல் ஏடு படிந்து நின்றால் பயப்பட வேண்டாம். அது தோல் உரிக்கிறது, ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த நேரத்தில் தினம் இடம் மாற்றுவதுதான் கெடுதல். டர்பனுக்கு வடக்கே சோட்வானா விரிகுடாவின் பவளத் திட்டுகளில் மென்பவளமே அதிகம். அங்கே அலை ஓயாமல் இழுத்து அந்த ஏட்டைக் கழுவும். வீட்டில் அதை ஓட்டமில்லாத மூலையில் வைத்தால் ஏடு எப்படிப் போகும்? (சோட்வானா பாதுகாக்கப்பட்ட கடல். அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது.) ஏதாவது ஓரம் பழுப்பாகக் குழைந்து நாறினால் மட்டும் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள்.

தண்ணீரை அளவுக்கு மீறிச் சுத்தமாக்குவதும் தவறுதான். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருக்கட்டும். இரண்டும் பூஜ்யமானால் மென்பவளம் மெலியும். உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு); உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. கரைசலை வைத்தே சரிபாருங்கள். டர்பன் கரையில் கடல்நீர் மொள்ளுவது வேண்டாம், மழைக்குப் பிறகு அறவே வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் கழிவுநீர் கலந்து பல கடற்கரைகளை மூடியது நினைவிருக்கும்.

பிப்ரவரி கோடை வெயிலில் தொட்டியை 26 டிகிரிக்குள் வைக்க ஃபேன் போடுவோம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அல்ல. ஈடு செய்ய ஆர்.ஓ. தண்ணீரே ஊற்ற வேண்டும். லோட்ஷெடிங் (மின்வெட்டு) வந்தால் முதலில் பேட்டரி ஏர் பம்ப், மற்றதெல்லாம் பிறகு. புதுத் துண்டுகள் இருக்கும் வாரத்தில் இது இல்லாமல் இருக்காதீர்கள்.

ஜீனியா என்ற மென்பவளத்தை வெட்டவே தேவையில்லை. பக்கத்தில் ஒரு கல்லை வைத்தால் தானே ஏறிப் பிடிக்கும். கிரீன் ஸ்டார் பாலிப் என்ற இன்னொரு மென்பவளத்தின் ஊதா விரிப்பை உரித்து ஜெல்லால் ஒட்டலாம், பிடித்துக்கொள்ளும். ஆனால் தனிக் கல்லில் வையுங்கள், இல்லாவிட்டால் தொட்டி முழுக்க அதுதான்.

பட்டன் பாலிப் எனப்படும் சோவாந்திட் மென்பவளக் குடும்பமே அல்ல என்றாலும் எல்லோரும் சேர்த்தே வெட்டுகிறார்கள். அதில் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அது ஒட்டிய கல்லை வெந்நீரில் போடுவதோ கொதிக்க வைப்பதோ கூடவே கூடாது, அந்த ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். வாயில் உலோகச் சுவை, நடுக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே கிளம்புங்கள்; டாக்டரிடம் பாலிடாக்ஸின் என்ற பெயரை முதலில் சொல்லுங்கள்.